யமன் உட்கார்ந்த தையல் கடை

கிட்ட வாருங்கள் கண்ணுகளா, இன்னும் கிட்ட. கால் வலிக்கிறவர்கள் நீட்டிக்கொள்ளலாம். யமனையே காக்க வைத்த ஒரு தையல்காரியின் கதை சொல்கிறேன்.

அன்று அவள் புருஷனுக்காக நோன்பு இருந்தாள். பொழுது சாயும்போது புருஷன் கையால் ஒரு வாய் தண்ணீர் குடித்தால்தான் நோன்பு முடியும். பகல் மூன்று மணிக்கு ஒரு சட்டைக்குக் கை இணைத்துக்கொண்டிருந்தாள். வாசலில் எருமை வந்து நின்றது. யமன் இறங்கி, செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்.

"வீட்டுக்காரர் எங்கேம்மா?"

"உள்ளே தூங்குறார். என்ன விஷயம்?"

"கூட்டிட்டுப் போகணும்."

கழுத்தில் கிடந்த அளவு நாடா நழுவி விழுந்தது. ஆனால் நோன்புக் கதையை வருஷாவருஷம் கேட்டவள் அல்லவா? யமன் பின்னாலேயே நடந்த ராஜகுமாரி, நூறு பிள்ளை பெற வரம் வாங்கிக்கொண்டு, "புருஷன் இல்லாமல் எப்படிப் பெறுவது?" என்று மடக்கியது நினைவுக்கு வந்தது.

"எனக்கும் ஒரு வரம் கொடுங்க."

"அந்தம்மாவுக்கு அப்புறம் வரம் கொடுக்கிறதையே நிறுத்தியாச்சு. இப்ப ஒரே சட்டம். ஜோடியில ஒருத்தர் நோன்புல இருக்கிறவரை அந்த ஜோடியைப் பிரிக்கக் கூடாது. நீ தண்ணி குடி, நாங்க கிளம்பறோம். அவசரமில்லை" என்று முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அப்ப நான் குடிக்கவே மாட்டேன்."

"எத்தனை நாளைக்கு?" யமன் நிஜமான அக்கறையோடுதான் கேட்டார்.

பொழுது சாய்ந்தது. புருஷன் எழுந்து, உலர்ந்த உதட்டைப் பார்த்துப் பதறி, சொம்போடு வந்தான்.

"வாயைத் திறம்மா."

அவள் தலையாட்டினாள்.

"கோபமா? நேத்து துணி காயப்போட மறந்ததுக்கா?"

"ஆசையா கொடுக்கிறார், குடிச்சிடு" என்றார் யமன்.

"இவர் யாரு?"

"உங்களைக் கூட்டிட்டுப் போக வந்தவர்."

"நாளைக்கு வரச் சொல்லு."

தையல் மெஷினைச் சுற்றி அவள் ஓட, சொம்போடு அவன் துரத்தினான். மூன்றாம் சுற்றில் தலை சுற்றிப் பொத்தென்று உட்கார்ந்தாள். கண் இருட்டியது. புருஷன் சொம்பை உதட்டருகே கொண்டுவந்தான். யமன் கயிற்றை எடுத்தார்.

"சாமி, சட்டத்தை இன்னொரு தடவை சொல்லுங்க" என்றாள் அவள், சொம்பைக் கையால் தடுத்தபடி.

"ஜோடியில ஒருத்தர்..." என்றவர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"இவரும் ஒருத்தர்தானே?"

யமன் பையிலிருந்த புத்தகத்தை முன்னும் பின்னுமாகப் புரட்டினார். "எந்தப் புருஷனும் நோன்பு இருந்ததில்லையே தாயி. அதனால தடுக்கணும்னு யாருக்கும் தோணல."

"என்னங்க, இந்த நிமிஷத்திலிருந்து எனக்காக நீங்க நோன்பு."

"எனக்கு மதியச் சோறே இன்னும் செரிக்கலை. சரி, இருந்துட்டேன்" என்று வயிற்றில் கை வைத்துச் சத்தியம் செய்தான். அவன் சொம்பிலிருந்து ஊற்ற, அவள் மடமடவென்று குடித்தாள். அவனுக்குப் பசித்தபோது நோன்பை அவள் வாங்கிக்கொண்டாள். அப்படியே முறை மாற்றி முறை.

யமன் இன்னும் அங்கேதான் காத்திருக்கிறார். சும்மா இருக்க மனம் வராமல் பொத்தான் தைக்கிறார். "அவர்கிட்டயே கொடுங்க, உயிர் போனாலும் கழலாது" என்று தெருப் பெண்கள் கேட்டு வாங்குகிறார்கள். ஒரே குறை, அந்தப் புருஷன் பெண்டாட்டி ஒன்றாய் உட்கார்ந்து ஒரு வேளை சாப்பிட்டதில்லை. ஒருவர் பரிமாற, ஒருவர் சாப்பிட, அப்படியே தலை நரைத்துவிட்டது.

உங்கள் வீட்டில், என் கண்ணுகளா, எல்லோரும் ஒரே நேரத்தில் பசித்து, ஒன்றாய் உட்கார்ந்து, வயிறாரச் சாப்பிட்டு, நீண்ட காலம் நன்றாயிருங்கள்.