கல்யாணத்துக்கு வைத்த பீர்

மூன்றாவது பாட்டில் வெடித்தபோது நெவில் டகன் காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு கொட்டகைக்கு வெளியே நின்றிருந்தார். உள்ளே இருந்திருந்தால் கண் போயிருக்கும். கதவைத் திறந்தால் தரையெல்லாம் நுரை, மூலைக்கு மூலை பழுப்புக் கண்ணாடி. சனிக்கிழமை மகள் கெரினுக்குக் கல்யாணம். அன்று வியாழன். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்திருந்தது.

பீர் போனால் போகிறது என்று விடலாம்தான். ஆனால் கல்யாண பீரை நானே காய்ச்சித் தருகிறேன், நீ ஒரு சொட்டு வாங்க வேண்டாம் என்று அவர் வீம்பாகச் சொன்னது மார்லீனிடம். மார்லீன் அவரை விட்டுப்போன மனைவி. இந்த மனுஷன் தொட்டது எதுவும் உருப்படாது என்பது அவள் கட்சி. டூவூம்பா ஊரில் பாதிப் பேரிடம் அதைச் சொல்லியும் இருக்கிறாள். இப்போதைய கணவன் ராட்னியோ தப்பே செய்யத் தெரியாத பிறவி. அவர்கள் இரண்டு பேர் முன்னாலும் ஒரே ஒரு தடவையாவது தலை நிமிர்ந்து நிற்க வேண்டும் என்றுதான் நெவில் இத்தனை பாடுபட்டார்.

பீர் காய்ச்சும் சங்கத்து ஆட்களுக்குப் போன் போட்டால் ஆளுக்கொரு வைத்தியம். ஒருவர் பாட்டில் அழுக்கு என்றார். இன்னொருவர் நொதித்து அடங்கும் முன்னே அவசரப்பட்டு அடைத்துவிட்டாய் என்றார். பக்கத்து வீட்டு மொரிஸ் நேரிலேயே வந்து, கையைக் கட்டிக்கொண்டு நின்று, ஜனவரி வெயில்மேல் பழியைப் போட்டார்; அந்த ஊருக்கு ஜனவரிதான் நடுக்கோடை. எல்லாருக்கும் தலையை ஆட்டிவிட்டு நெவில் தானே சோதனையில் இறங்கினார். பெட்டிக்கு ஒன்றாக எடுத்துக் குளிர வைத்து, வெல்டிங் முகமூடியை மாட்டிக்கொண்டு திறந்தார். அத்தனையும் கூரைக்குப் பீய்ச்சின. அழுக்கென்றால் ஒன்றிரண்டுதானே பொங்கும்? நாக்கில் வைத்துப் பார்த்தார். புளிப்பில்லை, நாற்றமில்லை, அருமையாக இருந்தது, அதுதான் வயிற்றெரிச்சல். நன்றாக அடங்கிய பிறகுதான் அடைத்திருந்தார். ஆக மிச்சம் இருப்பது சர்க்கரை. நுரை வருவதற்காக அடைக்கும்போது கொஞ்சம் சேர்ப்பார்களே, அது கூடிப்போயிருக்கிறது.

"ரெண்டு தடவ போட்டிருப்ப" என்றார் மொரிஸ்.

"எனக்கென்ன புத்தி பேதலிச்சாப் போச்சு? தராசுல நிறுத்து, கொதிக்க வச்சு, வாளியில கலந்தேன். ஒரே தடவ."

"மார்லீன் கேட்டா என்ன சொல்லுவாளோன்னு நெனச்சுப் பாத்தேன்."

வெந்த புண்ணில் வேல். நெவில் அவரை வாசல்வரை கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார்.

மத்தியானம் பெட்டிகளை மண்டபத்துக்கு ஏற்றிப்போகக் கெரின் வந்தாள். பீர் அடைத்த அன்று கூட மாட இருந்து உதவியவள் அவள்தான். தரையைப் பார்த்துத் திகைத்து நின்றவளிடம், தராசு, கொதி, வாளி என்று அவர் மறுபடியும் முதலிலிருந்து புலம்பினார். அவள் முகம் வெளுத்தது.

"வாளியிலயே கலந்துட்டியாப்பா?"

"பின்ன? சங்கத்துல இப்ப எல்லாரும் அப்படித்தான்."

"எனக்கு எப்படித் தெரியும்? நீ போன் பேச வெளிய போனப்ப நான் பாட்டிலுக்கு ரெண்டு சர்க்கர வில்ல போட்டுட்டேன். சின்ன வயசுல அது என் வேலதானே."

அவள் வேலைதான். அம்மாவோடு அவள் போன பிறகு வில்லை போட ஆளில்லாமல்தான் அவர் வாளிக்கு மாறினார். அந்த நேரத்தில் அதெல்லாம் அவருக்கு உறைக்கவில்லை. "ஒரு வார்த்த கேக்கணும்னு தோணலயா?" என்று கத்தினார்.

"நீ மறந்துட்டன்னு நெனச்சேன்" என்றாள் கெரின். அழுகை வந்துவிட்டது. "அம்மாவுக்குத் தெரிஞ்சா உன்ன கேலி பண்ணும். அதான் சொல்லாம போட்டேன்."

 நெவில் தொட்டிகளில் ஐஸைக் கொட்டிப் பாட்டில்களை அமிழ்த்தினார். மூடியை இலேசாகத் தூக்கி, சீறுவது அடங்கும்வரை விட்டு, புது மூடி போட்டு அடைக்க வேண்டும். ஒவ்வொன்றாக. எத்தனை தேறும் என்று அவருக்கே நிச்சயமில்லை. அவருக்கு முகமூடி, மகளுக்கு நீச்சல் கண்ணாடி என்று இருவரும் உட்கார்ந்தார்கள்.

இரண்டாவது பெட்டி பாதியில் மார்லீனின் போன் வந்தது. கெரினின் கையெல்லாம் பிசுபிசுப்பு; ஒலிபெருக்கியைத் தட்டிவிட்டாள்.

"பாட்டிலெல்லாம் வெடிக்குதாமே, மொரிஸ் சொன்னான். இந்தத் தடவ உங்கப்பன் என்ன பண்ணித் தொலைச்சான்?"

கெரின் வாயைத் திறந்தாள். நெவில் எட்டிப் போனைப் பிடுங்கினார்.

"நான்தான் பேசறேன் மார்லீன். சர்க்கரய ரெண்டு தடவ போட்டுட்டேன்."

அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு. "எனக்குத் தெரியும். எதுக்கும் ராட்னிய ரெண்டு பீப்பா வாங்கி வைக்கச் சொல்றேன்."

"சொல்லு" என்றார் நெவில்.

போன் அடங்கியும் கெரின் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். எதற்காக அப்படிச் சொன்னாய் என்று கேட்டாள்.

"கண்ணாடிய ஒழுங்கா மாட்டு" என்று எரிந்து விழுந்தார். "சனிக்கிழம எனக்கு முழுசா ஒரு மக வேணும்."