இலை உதிர்த்த மருது

மரவாடி அருள்சாமியிடமிருந்து போன் வந்தபோது எழில்மொழி தஞ்சாவூரில் தன் கல்லூரி ஆய்வகத்தில் கை கழுவிக்கொண்டிருந்தாள்.

“மேடம், மரமெல்லாம் பட்டுப்போச்சுன்னு நீங்க சொன்னதா உங்க அண்ணன் சொன்னாரு. அத நம்பித்தான் மெஷின எறக்குனேன். ஒண்ணு சாஞ்சிருச்சு. இப்ப ஊர்க்காரங்க வந்து மறிக்கிறாங்க. நீங்க நேர்ல வந்து ஒரு வார்த்தை சொல்லிட்டீங்கன்னா எனக்குப் பேச்சு இருக்காது.”

“எந்த மரம்?”

“உங்கப்பா படுகையில நிக்கிற மருதுதாங்க.”

அவள் அப்படிச் சொல்லவே இல்லை. “நான் வர்ற வரைக்கும் மெஷின நிறுத்தி வைங்க” என்று மட்டும் சொன்னாள்.

திருக்காட்டுப்பள்ளி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, அண்ணனுக்காக ஒவ்வொரு காரணமாகத் தேடினாள். பகலவனுக்கு விளங்கியிருக்காது. தவறாகக் காதில் வாங்கியிருப்பான். இரண்டும் நிற்கவில்லை. அவனுக்கு நன்றாக விளங்கியிருந்தது. விளங்க வைத்தவளே அவள்தான்.

ஆடியில் கொள்ளிடத்தில் தண்ணீர் திறந்து, ஆற்றுக்கும் கரைக்கும் இடையிலுள்ள படுகை முழுவதும் வாரக்கணக்கில் முங்கிக் கிடந்தது. இத்தனை நாள் தண்ணீர் நின்று ஊரில் பலரும் பார்த்ததில்லை. எழில்மொழி தன் ஆராய்ச்சிக்காக வந்தாள். வழக்கமாக “மரத்துல என்னத்தடி பாக்குற” என்று சிரிக்கும் பகலவன் அன்று கரையில் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். கேட்டான். அவளும் சொன்னாள். மண்ணுக்குள் காற்றில்லாமல் வேர் மூச்சுத் திணறும். அதனால் மரம் தண்ணீர் மட்டத்துக்கு அருகே தண்டிலிருந்தே புது வேர் விடும். பட்டையில் பொரி பொரியாகத் துளைகள் வீங்கும், அதன் வழியே காற்று உள்ளே போகும். அதுவும் போதாவிட்டால் இலையை உதிர்த்துவிட்டு, செலவைக் குறைத்துக்கொண்டு, சும்மா நிற்கும்.

“செத்த மாதிரியே நிக்குமா?”

“அச்சு அசல் செத்த மாதிரியே.”

“எப்ப தளிர் விடும்?”

“தண்ணி வடிஞ்சு, மண்ணு காத்து வாங்குனதும்.”

அன்றைக்கு அவளுக்கு இருந்த சந்தோஷத்தை யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. இத்தனை வருடப் படிப்பில் வீட்டிலிருந்து ஒருவர், அதில் என்ன இருக்கிறது என்று கேட்டது அதுதான் முதல் தடவை.

கரையில் அம்மா ராசம்மாள் காத்திருந்தாள். மகள் செருப்பைக் கழற்றுவதற்குள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“ஊரு முன்னாடி அண்ணன விட்டுக்குடுத்துறாதம்மா. ஆமான்னு ஒரு வார்த்தைதான.”

“உனக்குத் தெரியுமாம்மா?”

“வாழை போடணுங்கிறான். அந்த நெழல்ல எது வெளையுது?”

எழில்மொழி கையை மெல்ல விடுவித்துக்கொண்டாள்.

படுகையில் பச்சை மரத்தை வெட்டக் கூடாது என்பது ஊர்க் கட்டுப்பாடு. முன்பொரு வெள்ளத்தில் ஆறு மரமில்லாத பக்கமாகப் பார்த்துக் கரையைத் தின்ற பிறகு வந்தது. பட்ட மரத்தை வெட்டலாம். ஆனால் பட்டது என்று மரத்துக்காரர் சொன்னால் செல்லாது, வெளி ஆள் ஒருவர் சொல்ல வேண்டும். கட்டிக்கொடுத்த பெண் வெளி ஆள். அவள் மரத்தைப் படித்தவளாகவும் இருந்துவிட்டால் வேறு சாட்சி எதற்கு?

கீழே சேறு இன்னும் காயவில்லை. மருதமரங்கள் மொட்டையாக நின்றன. சாய்ந்து கிடந்த ஒன்றின் மேல் மெஷின் ரம்பத்தை வைத்துவிட்டு அருள்சாமி நின்றார். பகலவன் அவளைப் பார்த்ததும் லுங்கியை இறக்கிவிட்டுக்கொண்டான். அடுத்த படுகைக்காரி ராஜாத்தி இடுப்பில் கைவைத்து நின்றிருந்தாள்.

“வா எழிலு. மரத்துக்குத் துக்கம் கேக்க வந்தியா? எங்க மரமும் இப்படித்தான் மொட்டையா நிக்குது. அதுவும் செத்துருச்சான்னு சொல்லிட்டுப் போ, எங்க வீட்டுலயும் மெஷினுக்குச் சொல்லிவிட்டுர்றோம்.”

பகலவன் அவளையே பார்த்தான். அந்தப் பார்வையில் பயம் இருந்திருந்தால்கூட அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். நம்பிக்கைதான் இருந்தது. தங்கச்சி சொல்லிவிடுவாள் என்ற நம்பிக்கை.

அவள் பக்கத்து மரத்தருகே போய் நகத்தால் பட்டையைச் சுரண்டினாள். உள்ளே பச்சை.

“உயிரோட இருக்கு. இங்க நிக்கிற எல்லாமே உயிரோட இருக்கு. வெள்ளத்துக்கு இலைய உதுத்திருக்கு, அவ்வளவுதான்.”

“அப்ப உங்க அண்ணன் சொன்னது?” என்றார் அருள்சாமி.

“நான் அப்படிச் சொல்லலைங்க.”

“யேசுவே! பச்ச மரத்துலயாய்யா என்னைக் கைவைக்க வச்ச?” அவர் பகலவனைப் பார்த்துக்கூடக் கேட்கவில்லை. ரம்பத்தைத் தூக்கிக்கொண்டு கரையேறினார்.

“நல்ல குடும்பம்டா சாமி” என்றபடி ராஜாத்தியும் பின்னால் போனாள். ஊர்க்காரர்களும் கலைந்தார்கள். அம்மா எழில்மொழியைத் தாண்டித்தான் போனாள். ‘சாப்பிட வா’ என்று கூப்பிடவில்லை.

சாய்ந்த மரத்தின் மேல் பகலவன் உட்கார்ந்தான்.

“கட்டிக்குடுத்தாலும் என் தங்கச்சின்னு நெனச்சேன்.”

“வெளி ஆளுன்னுதானண்ணே சாட்சிக்கு இழுத்த.”

அவன் சேற்றைக் காலால் கிளறினான். போய்விடலாம், பஸ் இருக்கிறது என்று அவளுக்குத் தோன்றியது. மரங்கள் தப்பித்தன. வந்த வேலை முடிந்தது. ஆனாலும் அண்ணன் பக்கம் திரும்பினாள்.

“ஒண்ணே ஒண்ணு சொல்லு. அன்னிக்குக் கரையில உக்காந்து கேட்டியே, இதுக்குத்தான் கேட்டியா?”

அவன் சாய்ந்த மரத்தின் பட்டையை நகத்தால் சுரண்டினான்.

“மொதல்ல இல்ல” என்றான்.

அவள் கரையேறி நடந்தாள். பஸ்ஸில் கூட்டமில்லை. அன்றைய கேள்விகளை வரிசையாக நினைவுக்குக் கொண்டுவந்தாள். வேர் எப்படி மூச்சு விடும் என்று கேட்டான். பட்டையைத் தொட்டுப் பார்க்கலாமா என்று கேட்டான். செத்த மாதிரியே நிக்குமா என்றான். எப்ப தளிர் விடும் என்றான். எந்தக் கேள்வியில் அவன் மாறினான் என்று தேடினாள். எல்லாவற்றிலும் ஒரே முகம், ஒரே குரல். ஒவ்வொன்றுக்கும் அவள் அதே ஆசையோடுதான் பதில் சொல்லியிருந்தாள். தஞ்சாவூர் வந்துவிட்டது, இறங்குங்கம்மா என்று கண்டக்டர் இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது.