முன்னால் இரண்டு புது டயர்

நான்கு சக்கரத்துக்கும் இழுவை உள்ள வண்டி அது. கடையில் விற்காத வண்டியைப் பந்தயத்தில் ஓட்டக்கூடாது என்பது விதி. ஆகவே சாலைக்கும் பந்தயத்துக்கும் ஒரே வண்டிதான். முன் சக்கரமும் பின் சக்கரமும் ஆளுக்கொரு வேகத்தில் சுற்றினாலும் சண்டை வராமல் பார்த்துக்கொள்ளும் நடுப்பெட்டியை வடிவமைத்தவருக்குத் தொழிற்சாலையில் பெயரே ‘பெட்டி’ என்றாகிவிட்டது. அவர் வேறு எதைப் பற்றிப் பேசினார், வேறு பெயர் வைப்பதற்கு?

பந்தயத்தில் ஓட்டுபவர் பெட்டியின் தங்கை வீட்டுக்காரர். சாலை வண்டியை முதல் ஆளாக வாங்கியவர் பெட்டியின் அப்பா. என் பையன் செய்த வண்டி என்று தெருவில் ஒருவரையும் அவர் விட்டுவைக்கவில்லை.

பந்தயத்தன்று மதியம் அப்பா ஃபோன் செய்தார்.

“முன் டயர் ரெண்டும் தேஞ்சுபோச்சுப்பா, மாத்திட்டேன். பின்னாடி ரெண்டும் இன்னும் கொஞ்ச நாள் தாங்கும். ஆனா திருப்பும்போது வண்டி என்னவோ முனகுது.”

“புது டயர்தானே, பழகிடும்பா.”

“அம்மாவும் கெளம்பிட்டா. மலைப்பாதை வழியா வர்றோம். மாப்பிள்ளை பரிசு வாங்கறத பாக்கணுமாம்.”

“பாத்து வாங்க. ஓட்டும்போது ஃபோனத் தொடாதீங்க.”

“நீ அன்னிக்கு திட்டினதுலேர்ந்து தொடறதே இல்லப்பா. ரெண்டு ஃபோனையும் அம்மா பையில போட்டு டிக்கில வச்சிடறேன்.”

கொஞ்ச நேரத்தில் மாப்பிள்ளையின் வண்டி, கல் குத்தி முன் டயர் இரண்டும் கிழிந்து, பழுது பார்க்கும் கூடாரத்துக்கு வந்தது. மிச்சமிருந்தவை இரண்டே புது டயர்கள். முன்னால் மாட்டி அனுப்பிவிட்டார்கள். பெட்டிக்கு அப்போதும் உறைக்கவில்லை.

அடுத்த சுற்றில் மாப்பிள்ளைதான் முதலில் வந்தார். கூடாரமே கை தட்டியது. தலைக்கவசத்தைக் கழற்றக் கை தூக்க முடியாமல் தவித்தார்.

“மச்சான், வண்டிக்கு என்ன கோவம்? ஒடிச்சா நேராப் போகுது. ஒவ்வொரு வளைவுலயும் மல்லுக்கட்டினேன். தோள் கழண்டு போச்சு.”

பெட்டி தரையில் படுத்து வண்டிக்கு அடியில் கையை நீட்டினார். தொடுவதற்கு முன்பே அனல் அடித்தது. எண்ணெய் கருகிய வாடை வந்தது. நீட்டிய கை அப்படியே நின்றுவிட்டது.

பனியில் ஓட்டிப் பார்த்திருந்தார்கள், சேற்றிலும் கொதிக்கும் வெயிலிலும் ஓட்டிப் பார்த்திருந்தார்கள். ஆனால் சோதனைக் களத்தில் தினம் காலையில் நான்கு டயரையும் சேர்த்தே மாற்றுவார்கள். டயர் கம்பெனி சும்மா கொடுத்தது, யாருக்கு என்ன நஷ்டம்? முன்னால் புதுசு, பின்னால் பழசு என்று உலகமே செய்கிற காரியத்தை அத்தனை பேரில் ஒருவர்கூடச் செய்து பார்க்கவில்லை. தேய்ந்த சக்கரம் சிறுத்துவிடும், கொஞ்சம் வேகமாகச் சுற்றும். அந்த வித்தியாசத்தை ஓயாமல் தாங்கித் தாங்கி நடுப்பெட்டி சூடேறும், சூடேறினால் இறுகும், இறுகினால் வண்டி வளையாது.

மாப்பிள்ளை போனது ஒரு சுற்று. அப்பா வருவது மலை முழுக்க.

பெட்டி ஃபோனை எடுத்துக்கொண்டு மலைப்பாதையின் தடுப்புக் கட்டைக்கு ஓடினார். காவலுக்கு நின்றவர் கையை விரித்தார்.

“மேலேர்ந்து இறங்கற வண்டிய மட்டும்தான் சார் விடறோம். பந்தயம் முடியற வரைக்கும் கீழேர்ந்து யாரும் ஏறக்கூடாது.”

“மேல உங்க ஆளு யாராவது இருந்தா ஒரு வண்டிய நிறுத்தச் சொல்லுங்க. எங்க அப்பா அம்மா வர்றாங்க.”

“மேல ரேடியோவே எடுக்காது சார்.”

பின்னாலேயே தங்கை வந்துவிட்டாள். முகமெல்லாம் சிரிப்பு.

“என்னண்ணா, ஜெயிச்சிருக்கோம், இப்படி நிக்கற? அப்பாவ வரவேற்கவா?”

பெட்டி அப்பாவின் எண்ணை அழுத்தினார், அம்மாவின் எண்ணை அழுத்தினார், மறுபடி அப்பா. மணி அடித்துக்கொண்டே இருந்தது. மலையிலிருந்து ஒரு வண்டி இறங்கி வந்தது, வேறு யாருடையதோ.

அப்பா எடுக்கவில்லை. மகன் சொல்லி அவர் எதைக் கேட்காமல் இருந்திருக்கிறார்?