தாளின் பின்பக்கம்

என் ஓரகத்தியின் இதழ் போன மாதமும் தீர்ந்துவிட்டது. நூலகத்துத் தட்டில் அவளுடைய கட்டு இருந்த இடம் காலி. பக்கத்தில் என்னுடையது வைத்தது வைத்தபடி, ஒரு மூலைகூட மடங்காமல் கிடந்தது. நாற்பது பிரதி வைத்தேன், முப்பத்தெட்டு இருந்தது. எனக்கு வயிறு எரிந்தது. அதைச் சொல்லிக்கொள்ள வெட்கமில்லை.

இந்தக் குட்டி இதழ் வேலையை எங்கள் வட்டாரத்தில் தொடங்கியவளே நான்தான். ஒரே ஒரு தாள். மூன்று முறை மடித்து, நடுவில் ஒரு வெட்டு வெட்டி, மறுபடி மடித்தால் உள்ளங்கை அளவில் எட்டுப் பக்கப் புத்தகம். நான் வேலை பார்க்கும் கண் மருத்துவமனையின் வரவேற்பில் உட்கார்ந்தபடி, சொட்டு மருந்து விட்டுக்கொண்டு காத்திருப்பவர்களைப் பார்த்துப் பார்த்து எழுதுவேன். ஐந்து வருடத்தில் பத்தொன்பது இதழ். எல்லாம் கனமான விஷயங்கள். என் கணவர் ஒன்றையும் முழுதாகப் படித்ததில்லை. ஏழாவது இதழால் காபி டம்ளரை மூடி வைத்தார்.

கீழ்வீட்டில் இருக்கும் ஓரகத்தி, அதாவது என் கொழுந்தனின் மனைவி, ஐந்து மாதமாகத்தான் இதழ் போடுகிறாள். எட்டு மாடி அலுவலகக் கட்டடத்தில் வேலை. லிஃப்டில் காதில் விழுவதை எழுதி, ‘லிஃப்டில் கேட்டது’ என்று தலைப்பும் போட்டுவிட்டாள். மடிக்கும் விதம்கூட என்னுடையது. ஒரு வார்த்தை கேட்கவில்லை. என் கணவர் அதைப் படித்துவிட்டுச் சாப்பாட்டு மேஜையில் புரையேறுமளவுக்குச் சிரித்தார். “மூணாவது மாடிக்காரர் சொல்றதைக் கேளேன்” என்று எனக்கே வாசித்துக் காட்டினார். நான் தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன். தலையில் தட்டவில்லை.

எனக்கு ஒரு பழக்கம் உண்டு. எட்டுப் பக்கமும் தாளின் ஒரு புறத்திலேயே அமைந்துவிடும். மறுபுறம் மடிப்புக்குள் போய்விடும், தாளை முழுதாகப் பிரித்தால்தான் தெரியும். எவர் பிரிக்கப் போகிறார்கள்? அந்தப் பின்பக்கத்தில், யாரிடமும் சொல்ல முடியாததை எழுதிவைப்பேன். மாமியார் மேல் இருந்த கோபம், குழந்தை கலைந்த வருடம், எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. ஐந்து வருடத்தில் ஒருவர்கூட அதைப் பற்றி வாய் திறந்ததில்லை.

இருபதாவது இதழின் பின்பக்கத்தில் அவளைப் பற்றி எழுதினேன். ‘என் ஓரகத்தி எழுதுவது எழுத்தே இல்லை, ஒட்டுக்கேட்டல். காதை லிஃப்டுக்கு வாடகைக்கு விட்டிருக்கிறாள். அந்த லிஃப்ட் பழுதாகிப் போகட்டும். எட்டு மாடியும் ஏறி அவளுக்கு மூச்சு வாங்கட்டும். ஒரு வார்த்தைகூட அவள் காதில் விழாமல் போகட்டும்.’ இன்னும் நிறைய இருந்தது. எழுதி முடித்ததும் பல்வலி நின்ற மாதிரி இருந்தது.

திங்கட்கிழமை காலையில் நாற்பது பிரதியையும் தட்டில் வைத்தேன். அவளுடைய புது இதழும் வந்திருந்தது. ஒன்றை எடுத்துக்கொண்டேன், படிக்க அல்ல, வெட்டு கோணலாக விழுந்திருக்கிறதா என்று பார்க்க. மதியம் வரவேற்பு மேஜையில் அதைப் பிரித்தேன். பின்பக்கம் முழுக்க அவளுடைய கையெழுத்து.

‘அக்கா, இது அஞ்சாவது கடிதம். முதல் நாலுக்கும் நீங்க ஒண்ணும் சொல்லலை, பரவாயில்லை. குழந்தை கலைஞ்ச வருஷத்தைப் பத்தி நீங்க எழுதினதை எத்தனை தடவை படிச்சேன்னு கணக்கில்லை. நேர்ல பேசத் தைரியம் வரலை. நீங்க பின்பக்கம் எழுதுறீங்க, நானும் அங்கேயே பதில் எழுதுறேன். அதுக்காகத்தான் இந்த இதழே. உங்க இதழ் வர்ற அன்னிக்கு முதல் பிரதி நான்தான் எடுக்கிறேன்.’

அவளுடைய முதல் நான்கு இதழ்களையும் நான் பிரிக்காமலே பழைய பேப்பரோடு போட்டிருந்தேன்.

தலைவலி என்று சொல்லிவிட்டு நூலகத்துக்கு ஓடினேன். முப்பத்தொன்பது இருந்தது. மூன்று முறை எண்ணினேன். முப்பத்தொன்பதையும் பையில் திணித்துக்கொண்டேன். அதனால் என்ன பயன்?

சாயங்காலம் கீழ்வீட்டுக்குப் போனேன். அவள் சமையலறை மேஜையில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் என் இதழ் முழுதாகப் பிரிந்து, பின்பக்கம் மேலே தெரியக் கிடந்தது. பறக்காமல் இருக்க உப்பு ஜாடியை வைத்திருந்தாள்.

“லிஃப்ட் நல்லாத்தான் ஓடுதுக்கா” என்றாள், தலை நிமிராமல்.

“அது வந்து...” என்று இழுத்தேன்.

“இருபது இதழ்ல இதுதான் நல்லா இருக்கு. மத்ததெல்லாம் யோசிச்சு யோசிச்சு எழுதின மாதிரி இருக்கும். இதை ஒரே மூச்சுல படிச்சேன். ரெண்டு இடத்துல சிரிச்சுட்டேன்.” குரல் உடைந்தது. புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி கத்தியை எடுத்தாள்.

மன்னிப்புக் கேட்கத்தான் வந்திருந்தேன். வாயைத் திறந்தேன்.

“எந்த ரெண்டு இடம்?” என்று கேட்டேன்.