பதினொரு சிவப்பு அம்பு

'க்ரீ...ச்!'

கட்டில் போட்ட கூச்சலில் ரங்காத்தாளின் கையிலிருந்த டம்ளர் ஆடி, பாதிக் காபி சேலையில் கொட்டியது.

"அடக் கருமமே!" என்று எழுந்தாள். எழுந்ததற்கும் ஒரு 'க்ரீச்'.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி. ரங்காத்தாள் அவிநாசியிலிருந்து தம்பி வீட்டுக்கு வந்து ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. பஸ் சீட்டில் இடுப்புப் பிடித்துக்கொண்டது என்று முனகிக்கொண்டே வந்து, அப்பாடா என்று உட்கார்ந்த இடத்தில்தான் இந்த வரவேற்பு.

"ஏண்டா ரத்தினா, இது கட்டிலா, தறியா? உம்பட மாமனாரு சோமனூர்ல தறி ஓட்டி ஓட்டி, அதே சத்தத்துல கட்டிலும் வாங்கிக் குடுத்துட்டாரு போல!"

ரத்தினசாமி வாய்விட்டுச் சிரித்தான். சமையலறை வாசலில் தோசைக் கரண்டியோடு நின்ற அவன் மனைவி சித்ரகலா சிரிக்கவில்லை.

அது அவளுடைய கல்யாணச் சீர்க் கட்டில். பச்சைப் பெயின்ட் அடித்த இரும்புக் கட்டில். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் அவளுடைய அப்பா நல்லான், இரண்டு மாதம் பகலும் இரவுமாக ஷிப்ட் பார்த்து வாங்கியது. பெயின்ட் உரசிவிடும் என்று சாக்கு சுற்றி, டெம்போவின் பின்னால் ஏறி, கட்டிலைப் பிடித்துக்கொண்டே சோமனூரிலிருந்து திருப்பூர் வரைக்கும் நின்றபடி வந்தார்.

"நானும் நாலு தடவை ஆயில் விட்டுட்டேங்க்கா. அடங்க மாட்டேங்குது" என்றான் ரத்தினசாமி.

"ஆயிலும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம். எங்கூட்டுல போன வருசம் மரக்கட்டில் வாங்குனமே, ஆனை ஏறிப் படுத்தாலும் மூச்சு விடாது. போன தடவை வந்தப்பவே அந்தக் கடைக்காரன்கிட்டச் சொல்லி வெச்சுட்டேன். இதப் பழைய இரும்புக்குப் போட்டுரு. இரும்புக்காரனுக்கும் பஸ்ஸுல வரும்போதே போன் பண்ணிட்டேன். நாலு மணிக்கு வண்டி வருது."

சித்ரகலா நாத்தனாரின் பக்கம் திரும்பினாள். "நங்கைங்க, புதன்கிழமை எங்கய்யன் வர்றாருங்க. கண்ணு ஆபரேசன் பண்ணிட்டு பத்து நாள் இங்கதான் இருக்கப் போறாரு."

"வரட்டும் கண்ணு. புதுக் கட்டில்ல படுக்கட்டும்."

"அவரு குடுத்தது எங்கேன்னு கேட்டா நான் என்னங்க சொல்றது?"

ரங்காத்தாள், காபி கொட்டிய சேலையைக் கழுவக் குழாயடிக்குப் போய்விட்டாள்.

சித்ரகலா அடுப்பை அணைத்தாள். சேலை முந்தானையை இழுத்துச் செருகினாள்.

"ஏனுங்க, ஒரு கை புடிங்க. கட்டிலத் திருப்பிப் போடலாம்."

"எதுக்கு? நான் பாக்காததா? பதினாறு வருசமா பனியன் தைக்கற ஓவர்லாக் மெஷின் மெக்கானிக்கு நான். சத்தம் வந்தா ஆயிலு. அதுக்கும் கேக்கலைன்னா காயலான் கடை."

"நீங்க மெக்கானிக்குதானுங்க. நான் செக்கிங். பீஸு கைக்கு வந்தா மொதல்ல உள்பக்கம் திருப்பித்தான் பாப்போம். நீங்க நாலு தடவையும் மேலாலயே ஊத்தியிருக்கீங்க."

அதில் உண்மை இருந்ததால் ரத்தினசாமிக்குக் கோபம் வந்தது. ஆனாலும் பிடித்தான். கட்டில் தலைகீழாகி, நான்கு காலையும் மேலே நீட்டிக்கொண்டு கிடந்தது.

சித்ரகலா ஏற்றுமதிக் கம்பெனி ஒன்றில் ஒன்பது வருஷமாகக் கடைசிச் செக்கிங்கில் நிற்பவள். ஒரு பனியனை எடுத்தால் கழுத்து, தோள், கை, பக்கத் தையல் என்று கண் தானாக ஓடும். பழுது இருக்கும் இடத்தில் சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவாள். பையில் எப்போதும் ஒரு ஸ்டிக்கர் தாள் கிடக்கும். அதை எடுத்து வந்து கட்டிலுக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

முதலில் பனியன் வேஸ்ட் துணியை எடுத்து, அவன் ஊற்றிய எண்ணெயை எல்லாம் துடைத்தாள். துணி கறுத்துப் போய் வந்தது. பிறகு முகத்தைத் தரையோடு தரையாக வைத்துப் பார்த்தாள். பச்சைப் பெயின்ட்டுக்கு நடுவே அங்கங்கே வெள்ளியாக மின்னியது.

"இங்க பாருங்க. பெயின்ட் தேஞ்ச இடத்துலயெல்லாம் இரும்பும் இரும்பும் உரசுதுங்க. கத்துறது இந்த இடந்தான்."

அந்த இடங்களில் அம்பு ஒட்டத் தொடங்கினாள். படுக்கைத் தகடுகள் சட்டத்தில் உட்காரும் இடத்தில் ஆறு. பக்கச் சட்டம் தலைமாட்டோடு சேரும் இரண்டு மூலைகளில் மூன்று. கால்மாட்டில் ஒன்று. ஒரு காலின் அடியில் ஒன்று. மொத்தம் பதினொன்று.

சேலையை உதறிக்கொண்டு வந்த ரங்காத்தாள் வாசலிலேயே நின்றாள். "என்னடா இது, கட்டிலுக்கு அம்மை போட்ட மாதிரி இருக்குது?"

"செக்கிங் நடக்குதுங்க்கா" என்றான் ரத்தினசாமி, கேலியாக.

அவன் கேலி நீடிக்கவில்லை. தலைமாட்டு மூலையில் ஒரு போல்ட்டை விரலாலேயே கழற்றி, அவன் முகத்துக்கு நேராக நீட்டினாள் சித்ரகலா. மற்ற மூன்று மூலைகளில் இருந்ததைவிட அது ஒல்லியாக இருந்தது.

"இது எந்த மெஷினோடதுங்க?"

ரத்தினசாமி போல்ட்டைப் பார்த்தான். அக்காவைப் பார்த்தான். தொண்டையைச் செருமினான்.

"ரெண்டு வருசம் முன்னால ஊடு மாத்துனப்ப ஒரு போல்ட்டு தொலைஞ்சு போச்சு. பையில ஓவர்லாக் மெஷின் ஸ்டாண்டு போல்ட்டு கெடந்துச்சு... அப்போதைக்கு நிக்கட்டும்னு மாட்டுனேன்."

"அப்புறம் மறந்துட்டீங்க."

"மறந்துட்டேன்."

"இது ஓட்டைக்குள்ள ஆடிட்டே இருக்குது. நீங்க ஊத்துன ஆயில்ல மத்த நட்டும் வழுக்கி லூசாயிருச்சு. ரெண்டு வருசமா எங்கய்யனத்தான் எல்லாரும் கொறை சொல்லீட்டிருந்தீங்க."

ரங்காத்தாள் 'களுக்' என்று சிரித்தாள். "நல்லாக் கேளு. கம்பெனியில இவன் பாக்கற மெஷினெல்லாம் எப்படி ஓடுதோ!"

ரத்தினசாமி பைக் சாவியை எடுத்தான். ஞாயிற்றுக்கிழமை ஹார்டுவேர் கடை ஒரு மணிக்குச் சாத்திவிடும். அரைமணி நேரத்தில் சரியான அளவில் நான்கு போல்ட், வாஷர், நட்டு என்று வாங்கி வந்தான். ஒன்று போதும் என்றுதான் போயிருந்தான். வழியில் யோசித்திருப்பான் போல.

அதற்குள் சித்ரகலா, பனியன் கழுத்துக்கு வைக்கும் ரிப் துணியின் வெட்டுத் துண்டுகளை எடுத்து, இரண்டு விரல் அகலத்துக்குக் கத்தரித்து வைத்திருந்தாள். கெட்டியான துணி, இழுத்தால் நீளும், விட்டால் இறுகும். தகடு உட்காரும் இடத்தில் எல்லாம் அதை இரண்டாக மடித்துச் சுற்றினாள். சட்டத்தின் கொக்கி தலைமாட்டில் நுழையும் இடத்திலும் ஒரு சுற்று. ஒவ்வொரு இடம் முடிந்ததும் அந்த அம்பை உரித்துத் தன் இடது கையில் ஒட்டிக்கொண்டாள்.

"ஒரு மூலைய முழுசா முறுக்கிட்டு அடுத்த மூலைக்குப் போகாதே" என்றான் ரத்தினசாமி. இப்போது அவன் குரலில் கேலி இல்லை. "நாலையும் அரையும் கொறையுமா மாட்டு. அப்புறம் எதிரும் புதிருமா இறுக்கு. அப்பத்தான் சட்டம் கோணாது."

"அது எனக்குத் தெரியாதுங்க. நீங்களே போடுங்க."

அவன் ஸ்பேனரைப் பிடித்தான். அவள் சட்டத்தைப் பிடித்தாள். ரங்காத்தாள் இடுப்பைத் தேய்த்துக்கொண்டே நாற்காலியில் உட்கார்ந்து, ஆளுக்கொரு குறை சொல்லிக்கொண்டிருந்தாள். ஆனால் கண் மட்டும் அந்த ரிப் துண்டுகளை விட்டு நகரவில்லை.

மூன்றே முக்காலுக்குக் கட்டில் நேராக நின்றது.

"நங்கைங்க, நீங்களே உக்காந்து பாருங்க."

ரங்காத்தாள் ஒன்றும் மெலிந்த உடம்புக்காரி இல்லை. வேண்டுமென்றே தொப்பென்று உட்கார்ந்தாள். சத்தம் இல்லை. ஆடினாள். சத்தம் இல்லை. ஓரத்துக்கு நகர்ந்து எழுந்தாள்.

'க்ரிச்.'

சின்னதுதான். ஆனாலும் மூன்று பேருக்கும் கேட்டது.

"சொன்னனில்ல!" என்றாள் ரங்காத்தாள். தெருமுனையில் இரும்பு வண்டியின் ஹாரன் கேட்டது. பத்து நிமிடம் முன்னாலேயே வந்துவிட்டான்.

ரத்தினசாமி நெற்றியைத் துடைத்தான். "விடு சித்ரா. இவ்வளவு பண்ணியாச்சு..."

சித்ரகலா கட்டிலைப் பார்க்கவில்லை. தன் இடது கையைப் பார்த்தாள். முழங்கைக்குக் கீழே வரிசையாக ஒட்டியிருந்த அம்புகளை விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினாள்.

"பத்துத்தானுங்க இருக்குது. பதினொண்ணு ஒட்டுனேன். ஒரு பீஸு பாக்காமயே பேக்கிங் போயிருச்சு."

சடாரென்று தரையில் படுத்தாள். கால்மாட்டில், இடது காலின் அடியில், பதினோராவது அம்பு நசுங்கிக் கிடந்தது. அந்தக் காலுக்கு மட்டும் ரப்பர் மூடி இல்லை. வெறும் இரும்பு டைல்ஸில் உரசிக்கொண்டிருந்தது.

வாசலில் கிடந்த தன் பழைய ரப்பர் செருப்பின் குதிகாலை ரத்தினசாமி கேட்காமலேயே கத்தியால் வெட்டினான். வட்டமாகச் சீவினான். அவன் கட்டிலைத் தூக்க, அவள் அம்பை உரித்துவிட்டு, ரப்பரை வைத்து மேலே ரிப் துண்டால் இறுக்கிக் கட்டினாள்.

"இப்ப உக்காருங்க நங்கை."

உட்கார்ந்தாள். எழுந்தாள். மறுபடி உட்கார்ந்து, இரண்டு காலையும் தூக்கி மேலே போட்டுப் புரண்டே பார்த்தாள். பக்கத்து வீட்டு மிக்ஸி ஓடுவதுதான் கேட்டது.

வாசலில் இரும்புக்காரன் குரல் கொடுத்தான். "கட்டில் எங்கீங்க? தூக்கீறலாமா?"

ரத்தினசாமி அவசரமாக வெளியே போனான். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு அவன் சொன்னது உள்ளே வரைக்கும் கேட்டது. "கட்டில் இல்லீங்க. எம்பட பொண்டாட்டி செக்கிங்கில பாஸாயிருச்சு. அது எங்க மாமனார் சீருங்க, அதையெல்லாம் போடறதில்லை. இந்தாங்க, இந்த ஒத்த போல்ட்டு இருக்குது, வேணும்னா எடுத்துட்டுப் போங்க."

சித்ரகலா பதினோராவது அம்பையும் கையில் ஒட்டிக்கொண்டாள். குளிக்கும் வரைக்கும் அவற்றை எடுப்பதாக அவளுக்கு உத்தேசம் இல்லை. நல்ல வெள்ளை விரிப்பாகப் பார்த்து எடுத்து உதறி விரித்தாள். புதன்கிழமை வரைக்கும் யாரும் அதில் எண்ணெய்க் கையை வைக்கக் கூடாது.

பின்னால் செருமல் கேட்டது. ரங்காத்தாள் வாசல் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, சித்ரகலாவின் காதருகே வந்தாள். ஒரு கை இடுப்பில் இருந்தது.

"சித்ராக் கண்ணு, அந்த ரிப் துண்டு மிச்சமிருந்தா ஒரு கை குடு... அந்த மரக்கட்டில் போடற சத்தத்துல எங்கூட்டுக்காரரும் நானும் எட்டு மாசமாத் தரையிலதான் படுத்துக் கெடக்கறோம்."