போட்டோவுக்கு ஒரு கோல்கீப்பர்

“சனிக்கிழமை மேட்ச்ல மதில்தான் கோல்கீப்பர். நீங்க சரின்னு சொல்லணும் சார்.”

பெண்கள் கால்பந்து கிளப்பின் அறையில் பூட்ஸ் துடைத்துக்கொண்டிருந்த இரண்டு பெண்களின் கைகள் அப்படியே நின்றன. கல்லூரியிலிருந்து பயிற்சிக்கு வரும் மாணவி பந்து பொறுக்கலாம், ஈர ஜெர்சியைக் காயப்போடலாம். அணியில் யார் ஆடுவது என்று மட்டும் கேட்கவே கூடாது. சேர்ந்த அன்றே தலைமைப் பயிற்சியாளர் சொன்னது. “கேட்டுத் தொலைக்காதடி, முதல்ல பட்டத்தை வாங்கு” என்று அம்மா தட்டு வைக்கும்போதெல்லாம் சொல்வது.

இப்படிக் கேட்டு நின்றவள் படிப்பது சமூக விளையாட்டுப் பயிற்சி. குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். இந்தப் பயிற்சியாளர் ‘தேறினாள்’ என்று ஒரு வார்த்தை சொன்னால்தான் பட்டம். அது தெரிந்தும் வாய் சும்மா இருக்கவில்லை. வந்த முதல் வாரமே கிளப்பில் அவளுக்கு ‘வாயாடி’ என்று பெயர் விழுந்துவிட்டது.

மதில் என்பது அணிப் பெண்கள் வைத்த பெயர். அவளைத் தாண்டிப் பந்து போகாது. பிறவியிலேயே காது கேட்காது. கிளப் வாசலில் கதவளவுக்கு அவள் படம். அதன் கீழே, ‘வேற்றுமையே எங்கள் வலிமை’. வாசலைத் தாண்டி உள்ளே வந்தால் அந்த வலிமை இரண்டு வருடமாக பெஞ்சில் உட்கார்ந்திருந்தது.

“கோல்கீப்பர்னா கத்தணும்மா. பின்னாடி நின்னு ஆட்டத்தையே நடத்தணும். இவ எப்படிக் கத்துவா?” என்றார் பயிற்சியாளர்.

“கத்த வேணாம் சார், கை காட்டுவா. தடுப்பு ஆடற நாலு பேரும் திரும்பிப் பார்க்கப் பழகியாச்சு. நான்தான் சொல்லிக் கொடுத்தேன்.”

“யாரைக் கேட்டு?”

“நீங்க போன் பேசிட்டிருந்தப்போ சார்.”

பூட்ஸ் துடைத்த ஒருத்தி பூட்சுக்குள்ளேயே முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

கெட்ட மனிதர் என்று அவரைச் சொல்லிவிட முடியாது. விளையாட்டில் எல்லோருக்கும் இடம் வேண்டும் என்று அவள் கல்லூரியில் ஒரு மணி நேரம் பேசி, கடைசியில் கண்ணைத் துடைத்துக்கொண்டவர். வாயாடியும் கைதட்டினாள். அதை நினைத்தால் உள்ளங்கை இன்னும் எரிகிறது.

“சரி, வா. இப்பவே பார்த்துடலாம்” என்று எழுந்தார்.

மைதானத்தில் மதில் கோல் முன்னால் நின்றாள். வலப்பக்கம் வந்ததைத் தட்டினாள். தலைக்கு மேலே வந்ததை எட்டிப் பிடித்தாள். அவள் கை எந்தப் பக்கம் நீண்டதோ அந்தப் பக்கம் தடுப்பு நகர்ந்தது. அப்போது ஒருத்தி ஆஃப்சைடு போனாள். பயிற்சியாளர் விசில் அடித்தார். எல்லோரும் நின்றார்கள். மதில் மட்டும் பாய்ந்து போய்ப் பந்தின் மேல் விழுந்தாள். அவர் மறுபடி ஊதினார். முகம் சிவக்க, கன்னம் உப்ப, விசிலே தெறித்துவிடும்போல ஊதினார்.

“பார்த்தியா? விசில் அடிச்சா நிக்கத் தெரியல! ஒழுக்கம்னா என்னன்னே தெரியாது!”

வாயாடி அவர் பக்கத்தில் போய் நின்றாள்.

“சார், அவளுக்குக் காது கேக்காது.”

“அது எனக்குத் தெரியாதா? ஆனா விசில்கூடவா கேக்காது?”

யாரோ முதலில் சிரித்தார்கள். பிறகு யார் சிரிக்கவில்லை என்று சொல்வதுதான் கடினம்.

“கொடியை ஆட்டினா நின்னுடுவா சார். கொண்டுவந்தேன். நீங்கதான் கோட்டுக்கு வெளிய வைக்கச் சொன்னீங்க.”

அவர் வாயாடியை ஓரமாகக் கூட்டிப்போனார். குரல் தேனாகிவிட்டது. “வெள்ளிக்கிழமை ஸ்பான்சர்காரங்க வர்றாங்க. போட்டோவுல அவ முதல் வரிசை, நட்டநடுவுல. பக்கத்துலயே நீ. உன்னை நல்லபடியா தேத்தி விட்டுடறேன். போதுமா?”

அவள் திரும்பி, ஒன்று விடாமல் கையால் மதிலிடம் சொன்னாள். மதில் முழங்கைச் சேற்றை வழித்துவிட்டுச் சுருக்கமாகப் பதில் சொன்னாள்.

“என்னங்கறா?”

“நடுவுல நிக்க ரெடியாம் சார். ரெண்டு கம்பத்துக்கு நடுவுல.”

“சனிக்கிழமை நடக்காது. அடுத்த வருஷம் பார்ப்போம்.”

“அடுத்த வருஷம் நாங்க இங்க இல்ல சார். மார்க்கெட் பின்னாடி ஆடற டீம்ல கோல்கீப்பர் இல்ல. நேத்தே போய்ப் பேசிட்டோம். ரெண்டு பேரையும் வரச் சொல்லிட்டாங்க.”

“நேத்தேவா? அப்புறம் என்னத்துக்கு என்கிட்ட வந்து கேட்டே?”

“உங்களுக்கும் ஒரு வாய்ப்பு கொடுப்போமேன்னுதான்.”

“உன் பட்டம்?”

“இன்னொரு வருஷம் படிப்பேன்.” அம்மா ஆடப்போகும் ஆட்டத்துக்கு எந்தக் கொடியும் உதவாது.

கிளப் கொடுத்த மேல்சட்டையைக் கழற்றி அவர் கையில் வைத்தாள். “துவைக்கல சார்” என்றாள். மதில் அதற்குள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கியிருந்தாள். வாயாடி எட்டி நடைபோட்டு அவளோடு சேர்ந்துகொண்டாள்.