இரண்டாவது சாட்சி

1

இந்தக் கதை வெங்காயத்தால் வந்தது. கல்யாணத்துக்கு முன் பெண்ணைப் பற்றி அக்கம்பக்கத்தில் விசாரிக்கும் துப்பறிவாளர் ஒருவர், ஈஜிபுராவில் என் கதவைத் தட்டினார். மாடி வீட்டுப் பெண்ணுக்குப் பழைய காதல் ஏதும் உண்டா என்று கேட்கும்போதே அவருக்குக் கண் கலங்கிவிட்டது. நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன் என்பது உண்மைதான். ஆனால் வெங்காயத்தை வைத்து எவ்வளவு தூரம் கதை விட முடியும்? காதலைப் போட்டுக்கொண்டேன்.

2

'அன்று பெங்களூரின் மழை அவன் நெஞ்சுக்குள்ளும்...'

வேண்டாம். மழை பெய்தால் ஈஜிபுராவில் தண்ணீர் தேங்கும். நின்றுபோன ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு எந்தக் காதலனும் அழகாக இருக்க முடியாது.

மறுபடியும். துப்பறிவாளன் சில்வெஸ்டர் ரிச்சர்ட்ஸ் டவுனிலிருந்து கிளம்பினான். விசாரிக்க வேண்டிய பெண் தமயந்தி. அவளும் துப்பறிவாளர்தான். முன்பு ஒரே ஏஜென்சியில், புருஷன் பெண்டாட்டி போல நடித்து ஊராரைப் பின்தொடர்ந்தவர்கள். (நடிப்பு எந்த இடத்தில் நின்றது என்பதை மட்டும் இருவராலும் துப்பறிய முடியவில்லை.) பிறகு சண்டை வந்து பிரிந்தார்கள்.*

ஏஜென்சியில் ஒரு சட்டம் உண்டு: இரண்டு பேர் சொன்னால்தான் உண்மை, ஒருவர் சொன்னால் வதந்தி. தமயந்தியின் பழைய காதலுக்கு ஒரு சாட்சி கைவசம் இருந்தான். அது சில்வெஸ்டரேதான். இரண்டாவது சாட்சி கிடைத்தால் அவள் கல்யாணம் நின்றுவிடும். கிடைக்காவிட்டால் அவன் காதல் வதந்தியாகிவிடும். இரண்டையும் அவனால் தாங்க முடியாது. பாவம், இன்னும் அவளை நினைத்துக்கொண்டிருந்தான்.

* சண்டைக் காட்சியை எழுதி அடித்துவிட்டேன். இருவர் பக்கமும் நியாயம் இருந்து தொலைத்தது.

3

தமயந்தி கதவைத் திறந்து அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இன்னா சில்வெஸ்டர், என் மேலயே என்கொயரியா? யாரையெல்லாம் கேட்டே?"

"இஸ்திரிக்காரர், டீக்கடை, கீழ்வீட்ல கதை எழுதறவரு. ஒருத்தருக்கும் ஒண்ணும் தெரியல."

"எப்படித் தெரியும் குரு? ஒளிஞ்சு நடக்க டிரெய்னிங் எடுத்தவங்க நாம. அவ்ளோ நீட்டா லவ் பண்ணோம்."

"அப்ப நீயே சாட்சி சொல்லு. இருந்துச்சா, இல்லையா?"

"யாரை விசாரிக்கிறோமோ அவங்க சொன்னா செல்லாது. நீ சொல்லிக்குடுத்த பாடம்தானே? வேற ஆளைப் பாரு."

"சரி, இந்தக் கல்யாணத்துல உனக்கு இஷ்டமா?"

"இது ஏஜென்சி கேக்கச் சொன்ன கேள்வியா?"

"இல்ல. நான் கேக்கறேன்."

தமயந்தி கண்ணைத் துடைத்துக்கொண்டு கதவைச் சாத்தினாள். அவள் கையில் வெங்காயம் இல்லை.

4

முதல் முடிவு: சில்வெஸ்டர் பொய் சொல்லிவிட்டு, கல்யாணத்துக்கும் போய் இரண்டு பந்தியில் சாப்பிடுகிறான். (எனக்கே வயிறு எரிகிறது.)

இரண்டாவது முடிவு: உண்மையைச் சொல்கிறான். கதவு திறக்கிறது. மழை... மழை வேண்டாமென்று சொன்னேனே!

என் சாட்சி எடுபடாது. கதை கட்டுகிறவன் பேச்சை யார் நம்புவார்கள்? அவள் கண்ணைத் துடைத்ததைப் பார்த்த வேற்றாள், இதைப் படிக்கிற நீங்கள் ஒருவர்தான். அதனால் மாப்பிள்ளையின் அம்மா லட்சுமம்மாவிடம் உங்கள் நம்பரைக் கொடுத்துவிட்டேன். பாதி கன்னடத்தில் பேசுவார், பயப்படாதீர்கள். ஒரே கேள்விதான் கேட்பார்.

சில்வெஸ்டர் இன்னும் படியிறங்கவில்லை. கதவுக்கு அந்தப் பக்கம் தமயந்தியும் நகரவில்லை.

போன் அடிக்கிறது. எடுங்கள்.